தோணிரேவில் எந்த மர்ம நாவலைக் கொடுப்பது?

பழவேற்காடு ஏரியின் தென்முனையில், திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்துக்குள் அடங்கிய தோணிரேவு முதலான சிற்றூர்களில் ஒருவருக்கு மர்ம நாவல் ஒன்றைப் பரிந்துரைக்க முற்படுபவர், நகரத்துப் புத்தகக் கடையின் விற்பனைப் பட்டியலை அப்படியே எடுத்துச் சென்று பயனில்லை. அந்த ஊர்களில் நூலைக் கையில் வாங்குபவர், நீரின் ஆழத்தையும் காற்றின் திசையையும் மணல் இடம்பெயரும் விதத்தையும் பெரும்பாலான நாவலாசிரியர்களைவிட நன்கு அறிந்தவர். ஆனால் அவருடைய வீட்டில் பாடநூல் தவிர வேறு நூல் நுழைவது அவருடைய தலைமுறையில்தான் முதல் முறையாக இருக்கக்கூடும். இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேர மனத்தில் கொண்டு தேர்ந்தெடுக்கப்படும் நூலே அவரிடம் நிலைக்கும். வாசகருக்கு ஏற்கெனவே உள்ள அறிவைத் துப்பாகப் பயன்படுத்திக்கொள்ள இடம் தரும் நாவலே அவருக்குரிய முதல் நாவல் என்பதும், மற்றவை அதற்குப் பின்னரே வரவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மர்ம நாவல் என்ற ஒரே பெயரின் கீழ் வழங்குபவை உண்மையில் பல வகையின. நடந்து முடிந்த குற்றத்தின் தடயங்களைத் தொகுத்து, செய்தவர் யார் என்று கண்டறியும் கதை துப்பறியும் நாவல் ஆகும். அதில் வாசகரின் அறிவு பின்னோக்கிச் செல்கிறது. இனி நிகழப்போகும் தீங்கைத் தடுக்க முடியுமா என்ற கேள்வியால் முன்னோக்கி விரைவது திரில்லர். சஸ்பென்ஸ் என்பது இவ்விரண்டிலும் ஊடுருவக்கூடிய ஓர் உத்தியாகும். திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்ப்பவர் சில நொடிகள் திடுக்கிடுவார். குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால், அவர்களுடைய சாதாரணப் பேச்சு முழுவதையும் அவர் பதைப்போடு கேட்டுக்கொண்டிருப்பார். செய்தியை மறைப்பதால் திகைப்பு பிறக்கிறது. செய்தியை முன்கூட்டியே தருவதால் சஸ்பென்ஸ் பிறக்கிறது. பரிந்துரைப்பவர் இந்த வேறுபாட்டை அறியாதிருந்தால், புதிர் அவிழ்ப்பதில் மகிழ்பவருக்குப் பேய்க்கதையையும், நெஞ்சு படபடக்க வாசிக்க விரும்புபவருக்குக் கணக்குப் போன்ற துப்பறியும் கதையையும் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவார்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதோடு ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதையும் தனி விதியாக வைத்தார். பிந்திய விதி நூலகர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது: நூல் அலமாரியில் காத்திருக்க, நூலகர் அதை அதற்குரியவரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். மர்ம நாவலுக்கு இந்தக் கடமை மிகவும் பொருந்தும். ஏனெனில், பள்ளியும் குடும்பமும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைக்கும் இந்த வகையே, வாசிக்கும் பழக்கம் இன்னும் உறுதிப்படாத ஒருவரை இருநூறு பக்கங்கள் இடைநில்லாமல் வாசிக்கவைக்கும் வலிமை மிக்கது. அதைத் தாழ்ந்த இலக்கியம் என்று சொல்லி மறைப்பவர்கள், அந்த வாசகரிடமிருந்து நல்ல இலக்கியத்துக்குச் செல்லும் வழியையும் சேர்த்தே மூடிவிடுகிறார்கள்.

நீரறிந்தவர்களுக்கான நூல்கள்

தோணிரேவின் பெயர் பெரும்பாலும் பெண்கள் செய்யும் பனையோலைப் பின்னல் பொருள்களால் வெளியூர்களில் அறியப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள குப்பங்களின் வாழ்வோ ஏரியையும் கடலையும் இணைக்கும் முகத்துவாரத்தை நம்பியது. முகத்துவாரம் என்பது ஏரி நீர் கடலோடு கலக்கும் வாய். மணல் திரண்டு அது தூர்ந்துவிடும்போது ஏரியின் உப்புத்தன்மையும் மீன் இறால் வரத்தும் மாறிவிடுகின்றன. நேற்றுப் படகு சென்ற இடத்தில் இன்று தரை தட்டும் நிலத்தில் வாழ்பவருக்கு, மணலையும் நீரையுமே புதிராக அமைத்த நாவல்களை முதலில் காட்டுதல் தகும்.

அத்தகைய தமிழ் நூல்களில் முதலில் வைக்கத்தக்கது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த இப்பெருநூல் வரலாற்று நாவல் என்றே எங்கும் வகைப்படுத்தப்படுகிறது. ஆயினும் அதன் முதுகெலும்பு ஒரு கொலைச் சதியே. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாற்று நிகழ்ச்சி. கொலையில் தொடர்புடைய ரவிதாசன் முதலியோரின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளன. கல்கி அந்தக் கொலையைச் சுற்றிப் பல ஐயங்களை நெய்து, இன்றுவரை வாசகர் வாதிடும்படி விட்டுச் சென்றார். ஏரிக்கரை வாசகருக்கு இதனினும் நெருக்கமானது பூங்குழலி என்ற பாத்திரம். கோடிக்கரையின் ஓடக்காரப் பெண்ணாகிய அவள், அரண்மனை வீரனாகிய வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்கித் தவிக்கும்போது அவனைக் காப்பாற்றுகிறாள். இரவில் தனியே ஓடம் செலுத்தி அவனை இலங்கைக்குக் கொண்டு செல்கிறாள். எந்த இடத்தில் கால் வைக்கலாம், எந்த இடத்தில் வைக்கக் கூடாது என்ற அவளது அறிவே அந்தப் பகுதிகளில் கதையை நகர்த்துகிறது. வாளும் குலப்பெருமையும் பயன்படாத இடத்தில் கரையோரப் பெண்ணின் தொழிலறிவு பயன்படுகிறது என்பதைக் கல்கி எவ்வித விளக்கமும் இன்றிக் காட்டியிருக்கிறார். ஐந்து பாகங்கள் என்ற பருமன் புதிய வாசகரை அச்சுறுத்தக்கூடும் என்பதால், கோடிக்கரைக் காட்சிகள் இடம்பெறும் பகுதியைத் தனியே வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு முதல் பாகத்தின் தொடக்கத்துக்கு அழைத்துச் செல்வது நல்ல முறையாகும். தொடர்கதையாக எழுதப்பட்டமையால் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததை நாடும்படி முடிகிறது. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் என்ற அளவும் போதுமானது.

ஆங்கிலம் வாசிக்கக்கூடிய கல்லூரி மாணவர்களுக்கு எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903இல் வெளியிட்ட ‘தி ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்’ என்ற நாவலைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். உளவு நாவல் என்ற வகைக்கு, அதாவது ஒரு நாட்டின் ரகசிய ஏற்பாட்டை வேற்று நாட்டவர் மறைந்து கண்டறியும் கதைக்கு, முன்னோடியாகக் கருதப்படும் நூல் அது. ஜெர்மனியின் வடகடற்கரையில், ஓதம் வற்றும்போது மணல்வெளியாகவும் ஏறும்போது கடலாகவும் மாறும் பகுதியில், சிறிய பாய்ப்படகில் செல்லும் இரண்டு ஆங்கிலேய இளைஞர்களே அதன் நாயகர்கள். அவர்களில் ஒருவன் அலுவலக எழுத்தன். மற்றவன் படகோட்டுவதைத் தவிர வேறெதிலும் தேர்ச்சியற்றவன் போலத் தோன்றுபவன். கதை வளர வளர அந்தப் படகோட்டியின் தேர்ச்சியே அறிவின் உச்சமாக வெளிப்படுகிறது. அடர்ந்த பனிமூட்டத்தில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நிலையில், திசைகாட்டியையும் ஆழமளக்கும் கோலையும் மட்டுமே நம்பி அவர்கள் மணல்திட்டுகளுக்கிடையே துடுப்பு வலித்துச் செல்லும் பகுதி, துப்பாக்கி முழங்காமலேயே மூச்சடைக்கவைப்பதாகும். நகரத்து வாசகர் பலர் அந்தப் பக்கங்களில் வரும் கால்வாய், திட்டு, நீரோட்ட விவரங்களைச் சலிப்போடு கடந்து செல்வதுண்டு. பழவேற்காட்டு வாசகருக்கோ அவையே மிகவும் சுவையான பக்கங்களாக அமையும். நூலோடு அச்சிடப்பட்டுள்ள நிலப்படங்களையும் கடல்வழிப் படங்களையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வாசிக்குமாறு சொல்லுதல் வேண்டும்.

வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ 1868இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வெளிவந்தது. ஆங்கிலத்தின் தொடக்ககால முழுநீளத் துப்பறியும் நாவல்களுள் தலைமையான இடம் அதற்கு உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையிடப்பட்ட இந்திய வைரம் ஒன்று இங்கிலாந்தின் கடற்கரை மாளிகையிலிருந்து காணாமற்போவதே அதன் புதிர். அருகே ஓதம் திரும்பும்போது நடுங்கும் ஒரு புதைமணல் வெளியும், மீனவர் குடியிருப்பு ஒன்றும் உண்டு. கதையின் திருப்பங்களில் இவ்விரண்டுக்கும் பங்கிருக்கிறது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் தத்தமக்குத் தெரிந்த அளவில் மாறிமாறிச் சொல்லும் அமைப்பு, சாட்சியம் என்பது எவ்வளவு குறைபாடு உடையது என்பதை வாசகரே உணருமாறு செய்கிறது. காலின்ஸின் நூலும் சில்டர்ஸின் நூலும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. மின்னூல்களாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ (1939) வேறு காரணத்தால் இவ்வரிசையில் சேர்கிறது. ஒரு தீவில் பத்துப் பேர் கூடுகிறார்கள், கரைக்குத் திரும்பும் படகு வரவில்லை, ஒவ்வொருவராக இறக்கிறார்கள். படகு வராவிட்டால் வெளியுலகமே இல்லை என்ற நிலையை வாசகருக்கு உணர்த்த நாவலாசிரியர் உழைக்க வேண்டியிருக்கிறது. ஏரிக்குள் படகினாலன்றிச் சென்றடைய முடியாத இருக்கம் போன்ற தீவுகளை அறிந்தவருக்கு அது முதல் அத்தியாயத்திலேயே விளங்கிவிடும்.

தமிழ் மரபில் எதிலிருந்து தொடங்குவது

தமிழில் துப்பறியும் புனைகதை 1894இல் பண்டித நடேச சாஸ்திரி எழுதிய ‘தானவன்’ என்ற நூலிலிருந்து கணக்கிடப்படுகிறது. அடுத்து வந்த தலைமுறையில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்தது. துப்பறியும் கோவிந்தன் தோன்றும் அக்கதையில் முதியவர் இளம்பெண்ணை மணக்க முயலும் கொடுமை குற்றத்தோடு பிணைத்துச் சொல்லப்படுகிறது. வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்து, பல வேடங்களில் தோன்றிய எம்.என். நம்பியாருக்குப் புகழ் சேர்த்தது. இந்நூல்களின் நடை வடசொற்கள் மிகுந்தும் வருணனை நீண்டும் இருப்பதால், இவற்றை முதல் நூலாகக் கொடுப்பது தவறாகும். ஆனால் உரக்க வாசித்துக் கேட்பதற்கு இவை மிகவும் ஏற்றவை.

உரக்க வாசித்தல் என்பது இங்கே தனியே பேசத்தக்கது. கைகள் ஓலை முடைந்துகொண்டிருக்கையில் கண்கள் அதிலேயே நிற்க வேண்டும். காது மட்டும் ஓய்வாக இருக்கும். ஒருவர் வாசிக்க மற்றவர் வேலை செய்துகொண்டே கேட்கும் ஏற்பாட்டுக்கு, அத்தியாயம்தோறும் திருப்பத்தில் முடியும் தொடர்கதையைவிடப் பொருத்தமான வகை வேறில்லை. 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய வை.மு. கோதைநாயகி அம்மாள், தம் முதல் படைப்பாகிய நாடகத்தைத் தோழி ஒருவருக்குச் சொல்லி எழுதவைத்தவர் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வாய்மொழியாகக் கதை சொல்லும் ஆற்றலிலிருந்தே அந்த நாவல் உலகம் பிறந்தது.

தனியே அமர்ந்து வாசிக்கத் தொடங்குபவருக்குத் தேவன் நல்ல தொடக்கம். அவருடைய ‘துப்பறியும் சாம்பு’ சிறு சிறு கதைகளாக இருப்பதால் எங்கும் நிறுத்தலாம், எங்கிருந்தும் தொடரலாம். அதை முடித்தவருக்கு ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ நாவலைக் கொடுத்தல் வேண்டும். ஒரு கொலை வழக்கின் விசாரணையே முழு நாவலாக விரியும் அதில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் குற்றவாளியா அல்லவா என்று தீர்மானிக்கும் ஜூரி முறை, பின்னாளில் இந்தியாவில் கைவிடப்பட்ட அம்முறை, உயிரோடு இயங்குவதைக் காணலாம். ஓடுதலோ துரத்தலோ இல்லாமல் குறுக்கு விசாரணையால் மட்டுமே பரபரப்பை எழுப்பும் அந்த நாவலுக்கு இன்று கிடைக்கும் மதிப்பு போதாது.

சுஜாதாவின் நூல்களில் எதை முதலில் கொடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு இயல்பு. 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ அவருடைய முதல் நாவல். சொற்சிக்கனத்துக்கும் உத்திச் சோதனைக்கும் பெயர்பெற்றது. வயது வந்தவர்களுக்கே உரியது. ‘கொலையுதிர் காலம்’ வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் தோன்றும் நாவல்களில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது. நிகழ்பவை ஆவியின் செயலா அறிவியலின் செயலா என்ற விவாதம் அதன் மையம். ஏரிக்கரைக்கு ஏற்றது இவ்விரண்டையும்விட ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ என்றே தோன்றுகிறது. நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டுவதற்காகச் சிற்றூர் ஒன்றுக்கு வரும் இளைஞன், பழைய ஜமீன் மாளிகையில் தங்க நேர்ந்து கொலைப் புதிருக்குள் சிக்குவதே கதை. கிராமத்தின் பாட்டும் பேச்சும் நகரத்திலிருந்து வந்தவனுக்கு மெல்ல மெல்லப் பிடிபடும் அந்த முறை, துடுப்பு வலிக்கையிலும் வலை இழுக்கையிலும் பாடப்படும் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அயலாக இராது.

எண்பதுகளில் பேருந்து நிலையக் கடைகளில் பெருகிய கையடக்க மாத நாவல்களின் உலகம் தனித்தது. மலிவுத் தாளில், ஒரே அமர்வில் முடிக்கத்தக்க அளவில், ஒரு முழு நாவலைத் தரும் இவ்வெளியீடுகள், பொன்னேரி ரயில் நிலையத்துக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட பேருந்துப் பயணம் போன்ற துண்டு நேரங்களுக்கென்றே பிறந்தவை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவராக அறியப்படும் கோவை ராஜேஷ்குமாரின் சிறப்பு, தொடர்பற்றவைபோலத் தோன்றும் இரண்டு கதைகளை ஓர் அத்தியாயம் விட்டு ஓர் அத்தியாயமாக நடத்தி இறுதியில் இணைப்பதாகும். இணையும் இடத்தை முன்கூட்டியே ஊகிப்பதே அவருடைய வாசகரின் இன்பம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா கதைகளும், சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி கதைகளும் விரைவையும் உரையாடலையும் விரும்பும் இளைஞர்களுக்கு உரியன. தெய்வ நம்பிக்கையும் குற்றமும் பின்னிய கதையை நாடுபவருக்கு, 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ உண்டு. ‘மர்ம தேசம்’ தொலைக்காட்சித் தொடரால் அக்கதையை ஏற்கெனவே அறிந்த பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், அவர்கள் நூலுக்கும் வருவார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் சிறுவர்களுக்கு 1972இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் மரபு போதும், படமும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கிச் செல்லும் கதை அவர்களைக் கைவிடாது.

கொடுக்கும்போது காக்க வேண்டியவை

மரணத்தைப் பொழுதுபோக்காக்கும் வகையாதலால், மர்ம நாவலைப் பரிந்துரைப்பவருக்குப் பெறுபவரின் வாழ்வைப் பற்றிய அறிதலும் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததையும் நினைவில் சுமக்கும் கரையில், நீரில் மூழ்கிய உடல் ஒன்று கரையொதுங்குவதோடு தொடங்கும் நாவலை முன்னறிவிப்பின்றிக் கையில் திணித்தல் கூடாது. கதையில் மூழ்குதல் வருகிறது, குழந்தைக்குத் தீங்கு வருகிறது, பெண்மீதான வன்முறை விரிவாக வருகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, வாசிப்பதா வேண்டாமா என்ற முடிவை அவரிடமே விடுதல் முறை. இது தணிக்கை ஆகாது. பெறுபவரை மதித்தல் ஆகும். மாத நாவல்கள் சிலவற்றில் பெண்ணுடலின் வருணனை கதைக்குத் தேவையின்றி நீள்வதும் உண்மை. பள்ளி மாணவர்க்குக் கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் அவற்றை முழுமையாக வாசித்திருத்தல் அவசியம்.

இன்னொரு கட்டுப்பாடு, எவ்வளவு சொல்லலாம் என்பது பற்றியது. நாவல் எழுப்பும் முதற்கேள்வியைச் சொல்லலாம், நிகழும் இடத்தையும் காலத்தையும் சொல்லலாம், எத்தகைய அச்சம் தரும் என்றும் சொல்லலாம். கடைசித் திருப்பம் ஒன்று இருக்கிறது என்று சொல்வதுகூட ஒரு வகையில் அதைக் கெடுத்துவிடும், ஏனெனில் வாசகர் அந்தக் கணத்திலிருந்து கதையை விட்டுவிட்டுத் திருப்பத்தைத் தேடத் தொடங்குவார். இக்கட்டுரையில் குறிப்பிட்ட எந்த நூலின் முடிவும் சொல்லப்படாமைக்கு அதுவே காரணம்.

கிடைக்கும் வழிகளைப் பொறுத்தவரை, 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்கீழ், சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியால் நடக்கும் பொது நூலகங்களே முதன்மையானவை. வேண்டும் நூலைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்க உறுப்பினருக்குத் தயக்கம் வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் பதிப்புரிமை நீங்குவதால், 1942இல் மறைந்த வடுவூரார், 1957இல் மறைந்த தேவன், 1959இல் மறைந்த ரங்கராஜு ஆகியோர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் இன்று பொதுவுடைமை. எவரும் அவற்றை மின்னூலாகவோ ஒலிநூலாகவோ ஆக்கலாம். ஏரிக்கரை ஊர்களின் பேச்சுக் குரலிலேயே ஒரு பழைய மர்ம நாவல் ஒலிப்பதிவாக வருமானால், அது முடைதல் வேலை நடக்கும் ஒவ்வொரு திண்ணைக்கும் கைப்பேசி வழியாகச் சென்று சேரும்.

தமிழ் மர்ம நாவலின் வழக்கமான நிலம் சென்னையின் அடுக்ககம், கோவையின் பங்களா, மலைவாசத்தல விடுதி ஆகியனவாகவே பெரிதும் இருந்து வந்திருக்கிறது. பழவேற்காட்டிலோ, 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் சிதைவு உண்டு. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட வரலாறும் உண்டு. ஏரியில் மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிடும் பாடு என்னும் வழக்கமும், அந்த உரிமை எல்லாச் சமூகத்தாருக்கும் ஒரே அளவில் கிடைக்காமையால் எழுந்த பூசல்களும் உண்டு. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் குறிப்பிட்ட கடற்பரப்புக்குச் செல்லக் கூடாது என்ற அறிவிப்பு வருகிறது. அன்று கடலில் ஒரு படகு இருந்தால் என்ன ஆகும் என்பது ஆயத்தமான திரில்லர் தொடக்கமாகும். இவற்றை எழுதுவதற்கான தொழில்நுட்ப அறிவு, எந்தக் காற்றில் எந்த வலை, எந்த நிலவில் எந்த ஓதம் என்ற அறிவு, தோணிரேவிலும் கோட்டைக்குப்பத்திலும் அரங்கம்குப்பத்திலும் இருக்கிறது. சில்டர்ஸைப் போலப் படமும் குறிப்பும் சேர்த்து அதை எழுதத் துணியும் இளைஞருக்கு முதலில் கொடுக்க வேண்டியவை ‘தி ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்’ நூலும், ஏரியின் நிலப்படமும், எழுதாத நோட்டுப் புத்தகம் ஒன்றும்.